டிவிக்குக் கீழே ஒரு லினக்ஸ் பெட்டி: திறந்த கன்சோல்கள் மேல் ஏன் இத்தனை ஆசை?

2016 நவம்பரில் நின்டெண்டோ 'என்ஈஎஸ்' என்ற தன் 1980களின் வீட்டுக் கன்சோலின் (டிவியில் இணைத்து ஆடும் கேம் பெட்டி) குட்டி வடிவம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, உள்ளே 30 பழைய கேம்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்க வழி கிடையாது. கேம் அடங்கிய கார்ட்ரிட்ஜைப் போடுவதுபோல் முன்னால் இருக்கும் மூடிகூட வெறும் தோற்றத்துக்குத்தான், திறக்காது. ஆனால் பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே தெரிந்துவிட்டது: உள்ளே ஓடுவது லினக்ஸ், அதாவது மூல நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறமூல இயங்குதளம். ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பவரைப் போட்டால் அதிலிருக்கும் சிப் மீட்பு நிலைக்குப் போகும். அப்புறம் ஒரு யுஎஸ்பி கேபிள் வழியாகக் கணினியிலிருந்து உள்ளே நுழைந்துவிடலாம். சில மாதங்களுக்குள் யார் வேண்டுமானாலும் தங்கள் கேம்களை அதில் ஏற்றிக்கொள்ள உதவும் சிறு மென்பொருள் வந்துவிட்டது.

உள்ளே நுழைந்தவர்களுக்கு ஒரு செய்தி காத்திருந்தது. 'ஹனாஃபுடா கேப்டன்' என்ற பெயரில் அதைச் செய்த பொறியாளர் யாரோ எழுதி வைத்திருந்தார். நின்டெண்டோ 1889இல் ஹனாஃபுடா என்ற ஜப்பானியச் சீட்டுக்கட்டுகள் தயாரிக்கும் கம்பெனியாகத் தொடங்கியது, அதனால் அந்தப் பெயர். இந்தப் பெட்டிக்குள் நிறைய உழைப்பும் கண்ணீரும் எண்ணற்ற மணி நேரங்களும் போயிருக்கின்றன, தயவுசெய்து இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் உடைத்துப் போட்டுவிடாதீர்கள் என்பதுதான் செய்தியின் சாரம்.

எனக்கு அந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். யாராவது ஒருநாள் திறந்து பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. திறப்பவரைத் திருடனாக நினைக்காமல், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறார். பூட்டிய கன்சோலைத் திறக்க ஆசைப்படுகிறவர்கள் யார், அவர்களுக்கு என்னதான் வேண்டும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தக் கேப்டன்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். லினக்ஸில் ஓடுகிறது என்பதும் திறந்த கன்சோல் என்பதும் ஒன்றல்ல. நின்டெண்டோவின் அந்தக் குட்டிப் பெட்டி லினக்ஸில்தான் ஓடுகிறது, ஆனால் வாங்கியவர் எதையும் மாற்ற முடியாதபடிதான் விற்றார்கள். டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் டிவோ என்ற கருவியும் அப்படித்தான் இருந்தது. லினக்ஸின் மூல நிரலை உரிமப்படி வெளியிட்டார்கள். ஆனால் அதை மாற்றி அதே கருவியில் ஏற்றினால் ஓடாது, கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம், அதாவது இது எங்கள் நிரல்தான் என்ற முத்திரை, உள்ள நிரல் மட்டுமே ஓடும். கட்டற்ற மென்பொருள் உலகில் இந்தத் தந்திரத்துக்கு 'டிவோவாக்கம்' என்றே பெயர் வந்துவிட்டது. கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் என்ற உரிமத்தின் 2007இல் வந்த 3ஆம் பதிப்பு இதைத் தடுக்கும் விதிகளைச் சேர்த்தது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோ இன்றும் 2ஆம் பதிப்பில்தான் இருக்கிறது. ஆகவே பெட்டிக்குள் லினக்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் போதாது. இதில் எது ஓடலாம் என்பதை முடிவு செய்யும் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

கன்சோல்களுக்குப் பூட்டு வந்த கதைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்து விழுந்தது. யார் வேண்டுமானாலும் கார்ட்ரிட்ஜ் செய்து விற்கலாம் என்றிருந்த காலம் அது. தரமில்லாத கேம்கள் கடைகளில் குவிந்து, வாங்குவோரின் நம்பிக்கை போய்விட்டது. 1985இல் அங்கே வந்த நின்டெண்டோ கன்சோலுக்குள் ஒரு சின்ன சிப்பை வைத்தது, ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் அதன் ஜோடியை வைத்தது. இரண்டும் ஓயாமல் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பதில் சரியாக வராவிட்டால் கன்சோல் விநாடிக்கு ஒருமுறை ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். பழைய ஆட்டக்காரர்கள் கார்ட்ரிட்ஜை எடுத்து ஊதி ஊதிப் போட்டதும், முன்னால் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்ததும் பெரும்பாலும் இந்த உரையாடல் அறுந்ததால்தான்.

தரக் கட்டுப்பாட்டுக்காக வந்த பூட்டு, பிறகு வியாபாரத்தின் அஸ்திவாரமாகவே ஆகிவிட்டது. பெட்டியைக் குறைந்த லாபத்திலோ நஷ்டத்திலோ விற்பது, ஒவ்வொரு கேமிலும் ஒரு பங்கு வாங்கி ஈடுகட்டுவது. இந்தக் கணக்கில் பெட்டியை வாங்கிக் கேம் வாங்காதவர் நஷ்டம். தங்கள் விருப்பப்படி நிரல் எழுதி ஓட்டுகிறவர் அந்தக் கணக்குக்கே வெளியில் நிற்கிறார்.

அப்படியிருந்தும் சோனி ஒரு காலத்தில் கதவைத் தானே கொஞ்சம் திறந்து வைத்தது. 2002இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிளேஸ்டேஷன் 2க்கு அதிகாரபூர்வ லினக்ஸ் தொகுப்பு ஒன்றை விற்றார்கள்: 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஈதர்நெட் அடாப்டர், கீபோர்டு, மவுஸ், மானிட்டரில் இணைக்கக் கேபிள், லினக்ஸ் டிஸ்க். டிவிக்குக் கீழே கிடந்த விளையாட்டுப் பெட்டி அன்றைக்கே ஒரு முழுக் கணினி. தொகுப்பு வைத்திருப்பவர் எழுதிய கேம், தொகுப்பு வைத்திருப்பவரிடம் மட்டும்தான் ஓடும் என்ற வேலி இருந்தது. ஆனாலும் கன்சோல் வன்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கையேட்டோடு படிக்க வாய்ப்புக் கிடைத்தது. சொந்தமாக நிரல் எழுதிப் பார்க்க நினைத்தவர்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

2006இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது வேறு இயங்குதளம் நிறுவும் வசதியை மெனுவிலேயே வைத்தார்கள். 'அதர்ஓஎஸ்' என்று பெயர். அதில் இருந்த செல் புரோசஸர் கணக்குப் போடுவதில் அபாரமானது. இயற்பியல் ஆய்வாளர்கள் கன்சோல்களை வரிசையாக அடுக்கி லினக்ஸ் போட்டுக் கருந்துளைக் கணக்குகளை ஓட்டினார்கள். அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் 1,700க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளை இணைத்து 2010இல் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. மேலே சொன்ன வியாபாரக் கணக்கோடு சேர்த்து இதை யோசித்துப் பாருங்கள்: 1,700 பெட்டிகள், ஒரு கேம்கூட விற்பனை இல்லை.

வாங்கியவர் கையில் இருந்த அந்தச் சாவியும் முழுச் சாவி இல்லை. லினக்ஸுக்கும் வன்பொருளுக்கும் நடுவே ஒரு காவல் அடுக்கு இருந்தது. கிராபிக்ஸ் சிப்பை முழுமையாகத் தொட லினக்ஸுக்கு அனுமதி இல்லை. 2009இல் வந்த மெலிந்த மாடலில் அதர்ஓஎஸ் இல்லை. 2010 தொடக்கத்தில் அந்தக் காவல் அடுக்கைத் தாண்டியதாக ஒருவர் அறிவித்தார். ஏப்ரல் 1, 2010 அன்று வெளிவந்த 3.21 ஃபர்ம்வேர் (பெட்டியின் அடிப்படை மென்பொருள்), பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஏற்கெனவே விற்ற பெட்டிகளிலிருந்தும் அந்த வசதியை எடுத்துவிட்டது. அப்டேட் செய்யாமல் விடலாம், ஆனால் அப்போது ஆன்லைன் ஆட்டமும் ஸ்டோரும் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய ஒரு வசதி, வீட்டுக்குள் இருக்கும் பெட்டியிலிருந்தே, வாங்கியவரின் கையாலேயே ஒரு பொத்தான் அழுத்த வைத்து எடுக்கப்பட்டது. வழக்குப் போட்டார்கள், பல ஆண்டுகள் இழுத்து 2018இல்தான் சமரசத்தில் முடிந்தது.

2010 டிசம்பரில் நடந்தது இன்னும் முக்கியம். பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் 'ஃபெயில்ஓவர்ஃப்ளோ' என்ற குழு மேடையேறி, பிளேஸ்டேஷன் 3இன் கையொப்பச் சாவியையே கணக்கிட்டுவிடலாம் என்று காட்டியது. சோனி நிரல்களுக்கு இடும் டிஜிட்டல் கையொப்பத்தில், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ரகசிய எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களோ எல்லாக் கையொப்பத்துக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருந்தார்கள். இரண்டு கையொப்பங்கள் கிடைத்தால் போதும், பள்ளிக்கூட இயற்கணிதத்தில் இரண்டு சமன்பாட்டைத் தீர்ப்பதுபோலத் தீர்த்து ரகசியச் சாவியை எடுத்துவிடலாம். ஆனால் அவர்கள் பேச்சில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. ஒவ்வொரு கன்சோலும் வந்து எத்தனை காலத்தில் உடைபட்டது, எதற்காக உடைத்தார்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். பெரும்பாலும் உடைத்தவர்களின் நோக்கம் சொந்த நிரல் ஓட்டுவது, லினக்ஸ் போடுவது. திருட்டு நகல் அதன் பின்னால் வந்தது. பிளேஸ்டேஷன் 3 அத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் பூட்டின் வலிமை இல்லை, அந்தத் திறமைசாலிகளுக்கு ஏற்கெனவே லினக்ஸ் கிடைத்திருந்தது என்பது அவர்கள் வாதம். அதைப் பறித்தபோதுதான் அவர்கள் வேலையில் இறங்கினார்கள்.

இந்த வாதத்தை நான் முழுக்க ஏற்கிறேன். பூட்டை உடைப்பவர் எல்லாம் கேம் திருடத்தான் வருகிறார் என்ற எண்ணம் பெரும்பாலும் தவறு. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 733 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் வகை புரோசஸர், 64 எம்பி நினைவகம், ஹார்ட் டிஸ்க். கிட்டத்தட்ட ஒரு சாதாரணக் கணினி. அதைத் திறந்தவர்கள் டிவியில் படமும் பாட்டும் ஓட்ட ஒரு மென்பொருள் எழுதினார்கள். அதுதான் வளர்ந்து, 2014இல் 'கோடி' என்று பெயர் மாற்றி, இன்று கணக்கற்ற வீடுகளில் ஓடுகிறது. 'பிளெக்ஸ்' முளைத்ததும் அதே வேரிலிருந்துதான்.

இதைவிட அழகான கதை ஒன்று உண்டு. பெரிய கம்பெனிகளின் கதவு திறக்கும் என்று காத்திராமல், ஆரம்பத்திலிருந்தே திறந்த கருவி செய்தவர்கள் இருந்தார்கள். 2005இல் தென்கொரியாவிலிருந்து ஜிபி2எக்ஸ் என்ற கையடக்கக் கருவி லினக்ஸோடு வந்தது. அதன் ரசிகர்களும் விற்பனையாளர்களும் சேர்ந்து, நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வோம் என்று 'பண்டோரா' என்ற கருவியில் இறங்கினார்கள். முன்பணம் வாங்கியது 2008இல், கருவி கைக்கு வரத் தொடங்கியது 2010இல். தாமதம், பணச்சிக்கல், உற்பத்திக் கோளாறு என்று பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அந்தச் சின்னக் கருவியின் ஏஆர்எம் புரோசஸரில் முதல் பிளேஸ்டேஷன் கேம்களை முழு வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பதற்காக, அதன் நிரலாளர் ஒருவர் பழைய திறமூல எமுலேட்டர் (வேறொரு கருவியைப்போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) ஒன்றை எடுத்துச் செதுக்கினார். 'பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட்' என்று பெயர்.

2018 டிசம்பரில் சோனி தன் முதல் பிளேஸ்டேஷனின் குட்டி வடிவத்தை வெளியிட்டது. உரிமங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அங்கே இருந்தது இதே பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட். சொந்த கன்சோலைப் பற்றி உலகில் யாரையும்விட அதிகம் தெரிந்த கம்பெனி, தன் சொந்த கேம்களை ஓட்ட, ஒரு சில ஆயிரம் பேரே வாங்கிய ஆர்வலர் கருவிக்காக எழுதிய நிரலைப் பயன்படுத்தியது. ஜிபிஎல் உரிமப்படி அது முழுக்கச் சரியான செயல்தான், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. திறந்த பெட்டிகளால் என்ன பயன் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பண்டோராவைச் சந்தை மறந்துவிட்டது. அதற்காக எழுதிய நிரல் மறையவில்லை.

சரி, இத்தனை ஆசை இருந்தும் வரவேற்பறையில் திறந்த கன்சோல் ஏன் இவ்வளவு காலம் வெற்றி பெறவில்லை?

முயற்சிக்குக் குறைவில்லை. 2000இலேயே 'இன்ட்ரீமா' என்ற அமெரிக்கக் கம்பெனி லினக்ஸ் அடிப்படையிலான வீட்டுக் கன்சோலை அறிவித்தது. கிராபிக்ஸ் அட்டையை வெளியிலிருந்தே கழற்றி மாற்றலாம் என்றார்கள். முதலீடு கிடைக்காமல் 2001 ஏப்ரலில் கடையை மூடினார்கள், ஒரு பெட்டிகூடக் கடைக்கு வரவில்லை. 2012இல் 'ஔயா' வந்தது. ஆண்ட்ராய்டு அடிப்படை, 99 டாலர். மக்களிடமே நிதி திரட்டினார்கள். 63,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து சுமார் 86 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அத்தனை பேர் பொருளைக் கண்ணால் பார்க்காமலேயே பணம் கொடுத்தார்கள் என்றால், பூட்டில்லாத கன்சோல் மீதிருந்த பசி எவ்வளவு என்று புரியும். 2013இல் பெட்டி கைக்கு வந்தபோது உள்ளே இருந்தது பழசாகிக்கொண்டிருந்த மொபைல் சிப். பெரிய கேம்கள் இல்லை. 2015இல், கணினிக் கேம்களை இணையத்தில் விற்கும் 'ஸ்டீம்' கடையை நடத்தும் வால்வ் கம்பெனியின் ஸ்டீம் மெஷின்கள் வந்தன: டெபியன் என்ற லினக்ஸ் வகையின் அடிப்படையிலான ஸ்டீம்ஓஎஸ், பல தயாரிப்பாளர்கள், ஆளுக்கொரு விலை, ஆளுக்கொரு திறன். எதை வாங்குவது என்று வாங்குபவருக்கே தெரியவில்லை. வாங்கினாலும் விண்டோஸுக்காகச் செய்த பெரிய கேம்கள் அதில் ஓடாது. லினக்ஸுக்கு வந்தவையும் பல சமயம் விண்டோஸைவிட மெதுவாக ஓடின.

கைக்கு வந்த இரண்டின் தோல்விக்கும் முக்கியக் காரணம் ஒன்றே: விளையாட கேம் இல்லை. பெட்டி எவ்வளவு திறந்ததாக இருந்தாலும் நண்பர்கள் எல்லாரும் ஆடும் ஆட்டம் அதில் இல்லையென்றால் யாரும் ஆன் செய்ய மாட்டார்கள். லினக்ஸ் பயனர்கள் குறைவு என்பதால் கேம் கம்பெனிகள் லினக்ஸுக்குச் செய்வதில்லை. கேம் இல்லை என்பதால் பயனர்கள் வருவதில்லை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பது இதுதான்.

வால்வ் ஏன் விடாமல் நின்றது என்பதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. அதன் தலைவர் கேப் நியூவெல் மைக்ரோசாஃப்டில் 13 ஆண்டுகள் வேலை பார்த்தவர். விண்டோஸ் 8 தனக்கென்று ஒரு ஸ்டோரோடு வரப்போகிறது என்று தெரிந்த 2012இல், இது கணினித் துறையில் உள்ள எல்லாருக்கும் பேரழிவு என்று வெளிப்படையாகவே பேசினார். அவருடைய ஸ்டீம் கடை முழுக்க இன்னொருவர் நிலத்தில் நிற்கிறது. நிலத்துக்காரர் நாளைக்குக் கதவை மூடினால் என்ன செய்வது என்பது அவர் பயம். சாதாரண வாங்குபவருக்கு இருந்த அதே பயம்தான். பெரிய கம்பெனியின் தன்னலமும் ஆர்வலர்களின் ஆசையும் ஒரே திசையில் போனது, லினக்ஸ் கேமிங்குக்கு நேர்ந்த பெரிய அதிர்ஷ்டம்.

அந்தச் சுழற்சியை உடைத்தது 2018 ஆகஸ்டில் வந்த 'புரோட்டான்'. லினக்ஸுக்குக் கேம் செய்யுங்கள் என்று கெஞ்சுவதை விட்டுவிட்டு, விண்டோஸுக்குச் செய்த கேமையே லினக்ஸில் ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தார்கள். இதன் அடித்தளம் 1993இல் தொடங்கிய 'வைன்' என்ற திறமூல மென்பொருள். ஒரு விண்டோஸ் கேம், 'கோப்பைத் திற, சத்தத்தைப் போடு, நேரம் என்ன' என்று விண்டோஸிடம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். வைன் விண்டோஸின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அதே பெயரில் அதே பதிலை, லினக்ஸிடமிருந்து வாங்கித் தரும். புரோசஸர் ஒன்றேதான் என்பதால் கேமின் நிரல் நேரடியாகவே ஓடும். மொழிபெயர்ப்பது கேள்வி பதிலை மட்டும்தான்.

மீதி இருந்தது கிராபிக்ஸ். விண்டோஸ் கேம்கள் படம் வரைய டைரக்ட்3டி என்ற மொழியில் பேசும், லினக்ஸுக்கு அது தெரியாது. ஃபிலிப் ரெபோலே என்ற ஜெர்மானிய நிரலாளர் 'நியர்: ஆட்டோமேட்டா' என்ற கேமை லினக்ஸில் ஆட விரும்பினார். அதற்காக டைரக்ட்3டி கட்டளைகளை வல்கன் என்ற திறந்த தரத்துக்கு மாற்றும் 'டிஎக்ஸ்விகே' என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். ஒரே ஒரு ஆட்டத்தை ஆட வேண்டும் என்ற ஆசை! வால்வ் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. புரோட்டான் வந்த நாளில் அதிகாரபூர்வமாக ஆதரித்தது 27 கேம்களை. இன்று ஆயிரக்கணக்கான கேம்களை வாங்கி, அழுத்தி, ஆடிவிடலாம்.

இந்த வேலை எதுவும் ஒரு பெட்டிக்குள் அடைந்து கிடக்கவில்லை என்பதுதான் திறந்த கன்சோலின் பெரிய கவர்ச்சி. கேம்கள் ஒரே நேரத்தில் பல விஷயங்களுக்காகக் காத்திருக்கும் பழக்கம் உள்ளவை. லினக்ஸ் கர்னலில் அதற்கு முன்பு நல்ல வழி இல்லாமல் இருந்தது. அதற்காக எழுதிய வசதி கர்னலின் 5.16 பதிப்பில் சேர்ந்தது. விண்டோஸின் ஒத்திசைவு முறைகளை நேரடியாகத் தரும் டிரைவர் 6.14இல் வந்தது. சிப் தயாரிக்கும் ஏஎம்டி கம்பெனியின் கிராபிக்ஸை இயக்கும் திறமூல டிரைவர் மேம்பட்டது. ஸ்டீமைத் தொட்டே பார்க்காத லினக்ஸ் பயனருக்கும் இதெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பதை இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலருக்கான லினக்ஸ் டிரைவரைக் கர்னலுக்குக் கொடுத்ததே சோனியின் பொறியாளர்கள்தான்.

2022 பிப்ரவரியில் 399 டாலரில் தொடங்கி வந்த வால்வின் ஸ்டீம் டெக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்தக் கவர்ச்சி உடனே விளங்கும். பார்க்க ஒரு கையடக்கக் கன்சோல். 'டாக்' என்ற தாங்கியில் வைத்து டிவியோடு இணைத்தால் வீட்டுக் கன்சோல். பவரை அழுத்தினால் நேராகக் கேம்கள் வரும். கட்டளை வரி, கடவுச்சொல் எதுவும் குறுக்கே வராது. அதே பவர் பொத்தானை நீட்டி அழுத்தினால் ஒரு மெனு வரும், அதில் டெஸ்க்டாப்புக்கு மாறு என்று ஒரு வரி. அதைத் தொட்டால் சில விநாடிகளில் எதிரே இருப்பது கேடிஈ என்ற முழு லினக்ஸ் டெஸ்க்டாப். கீபோர்டு இணைத்தால் கட்டுரை எழுதலாம், நிரல் எழுதலாம். இயங்குதளக் கோப்புகள் தவறுதலாகக் கெட்டுவிடாதபடி படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கும்; மாற்றியே தீர வேண்டும் என்றால் ஒரே கட்டளையில் அந்தக் காப்பை எடுத்துவிடலாம். பூட்டு இருக்கிறது, சாவியும் வாங்கியவரின் கையிலேயே இருக்கிறது. பின்புறத்தில் எட்டுத் திருகுகள். கழற்றிச் சேமிப்பகத்தை மாற்றலாம். மேலுறையின் வடிவமைப்புக் கோப்புகளையே வால்வ் வெளியிட்டது. உதிரிபாகங்களும் விற்பனைக்கு வந்தன.

இதற்கு ஸ்டீம் டெக்கே வேண்டும் என்றுகூட இல்லை. என் வீட்டில் திரை உடைந்துபோன பழைய லேப்டாப் ஒன்று அலமாரியில் கிடந்தது. 'பாட்டோசெரா' என்ற, கேம் ஆடுவதற்கான லினக்ஸை ஒரு யுஎஸ்பி டிரைவில் எழுதி, எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகி ஆன் செய்தேன். ஹார்ட் டிஸ்க்கை அது தொடக்கூட இல்லை, டிரைவிலிருந்தே எழுந்து ஓடியது. கன்ட்ரோலரைச் செருகியதும் அடையாளம் கண்டுகொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகள், "மாமா, இதுல நாமளே ஒரு கேம் செஞ்சு போட முடியுமா?" என்று கேட்டாள். முடியும் என்று யோசிக்காமல் சொன்னேன். பூட்டிய பெட்டி எதுவானாலும் அந்தக் கேள்விக்கு, கம்பெனியிடம் பதிவு செய்ய வேண்டும், அனுமதி வாங்க வேண்டும் என்று நீளமாகப் பதில் சொல்லியிருப்பேன். அவளும் நானும் அடுத்த இரண்டு வாரம் ஒரு தவளை குளத்தைத் தாண்டும் ஆட்டத்தைச் செய்துகொண்டிருந்தோம். தவளை இன்னும் சில சமயம் காற்றிலேயே நின்றுவிடுகிறது.

குறைகளைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆன்லைனில் போட்டி போட்டு ஆடும் சில பெரிய கேம்கள் லினக்ஸை ஏற்பதில்லை. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் அவற்றின் மென்பொருள் விண்டோஸ் கர்னலுக்குள் உட்கார்ந்து கண்காணிக்கிறது. கர்னலையே பயனர் மாற்றிக்கொள்ளலாம் என்ற இடத்தில் அந்த முறை செல்லாது. லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த 'ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்' 2024 அக்டோபரில் அந்த ஆதரவை நிறுத்தியது. திறந்த பெட்டியின் பலமே இங்கே பலவீனமாகிறது. இதற்கு எளிய தீர்வு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எச்டிஎம்ஐ விவகாரம் இன்னும் எரிச்சலூட்டுவது. டிவியில் 4கே படத்தை விநாடிக்கு 120 முறை முழுத் தரத்தில் காட்ட எச்டிஎம்ஐ 2.1 தேவை. ஏஎம்டி தன் திறமூல டிரைவரில் அதைச் செய்து காட்டியது. ஆனால் அந்தத் தரத்தின் விவரங்கள் ரகசியம், திறமூலத்தில் வெளியிடக்கூடாது என்று எச்டிஎம்ஐ ஃபோரம் 2024இல் மறுத்துவிட்டது. வரவேற்பறைக் கன்சோலுக்கு இது நேரடியான அடி. அப்புறம், ஸ்டீம் கடையின் நிரல் திறந்ததில்லை. புரோட்டான், கர்னல், டெஸ்க்டாப் எல்லாம் திறந்தவை. கேம் வாங்கும் கதவு ஒரு தனியார் கம்பெனியுடையது. வால்வ் நாளைக்கு மனம் மாறினால் கேம் நூலகத்தின் கதி என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனால் பெட்டி அப்போதும் வேலை செய்யும், வேறு கடை வைக்கலாம், வேறு லினக்ஸ் போடலாம் என்பதுதான் வித்தியாசம்.

இப்போது காற்று திரும்பியிருப்பது தெரிகிறது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் அடிப்படையிலான 'பேஸைட்' போன்ற இயங்குதளங்கள் எந்தக் கணினியையும் டிவி கன்சோலாக மாற்றுகின்றன. 2025இல் லெனோவோ தன் கையடக்கக் கருவி ஒன்றை ஸ்டீம்ஓஎஸ்ஸோடே விற்றது. அதே கருவியில் விண்டோஸ் போட்டு ஒப்பிட்டபோது பல கேம்கள் லினக்ஸில் வேகமாக ஓடின. பத்து ஆண்டுகளுக்கு முன் நிலைமை நேர்மாறு. 2025 நவம்பரில் வால்வ் புதிய ஸ்டீம் மெஷினை அறிவித்தது: சுமார் ஆறு அங்குலக் கனசதுரம், ஆறு கோர் ஏஎம்டி புரோசஸர், உள்ளே ஆர்ச் லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம்ஓஎஸ். இந்த முறை விளையாட கேம் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை.

பெட்டிகளின் வயது பற்றியும் சொல்ல வேண்டும், என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியம் அதுதான். அமெரிக்காவில் வெளிவந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில் வீ யூ, 3டிஎஸ் கருவிகளின் ஸ்டோர்களை நின்டெண்டோ மூடியது. ஔயாவுக்கும் அந்த நாள் வந்தது. 2015இல் ரேசர் கம்பெனி அதை வாங்கியது, 2019 ஜூன் 25 அன்று சர்வர்களை நிறுத்தியது. கேம்களைப் பதிவிறக்கவும், சில கேம்கள் வாங்கியவைதானா என்று சரிபார்க்கவும் அந்தப் பெட்டி சர்வரைத்தான் கேட்கும். பதில் சொல்ல ஆள் இல்லை.

ஔயாவைக் கைவிடாத சிலர் மூடும் நாளுக்கு முன்பே கேம்களின் விவரங்களைச் சேகரித்து, அசல் சர்வர் பேசுவதுபோலவே பேசும் மாற்றுச் சர்வர் ஒன்றை எழுதினார்கள். பெட்டியை அதன் பக்கம் திருப்புவது எப்படி? ஔயாவைச் செய்தவர்கள் தங்கள் சோதனைக்காக ஒரு வழி வைத்திருந்தார்கள்: உள்சேமிப்பில் குறிப்பிட்ட பெயரில் ஒரு சின்ன உரைக் கோப்பு இருந்தால், அதில் எழுதியிருக்கும் முகவரியைத்தான் பெட்டி தன் சர்வராக எடுத்துக்கொள்ளும். கேபிளை இணைத்து, இரண்டு வரிகள் கொண்ட அந்தக் கோப்பை உள்ளே வைத்து, பெட்டியை அணைத்துத் திரும்பப் போட வேண்டும். ஸ்டோர் திறக்கும், கேம்களின் படங்கள் ஒவ்வொன்றாக வந்து நிறையும்.